ஸ்கேன் குறுந்தகட்டில் பெயரை எங்கே எழுதுவது?

சி.டி. ஸ்கேன் எடுத்து முடிந்ததும் நோயாளியின் குடும்பத்தாரிடம் பெரும்பாலும் மூன்று பொருள்கள் தரப்படுகின்றன: அறிக்கை, பிலிம், ஒரு குறுந்தகடு. (பேச்சில் ஸ்கேனும் ‘சிடி’, தகடும் ‘சிடி’. குழப்பம் வராதிருக்க இங்கே தகட்டைக் குறுந்தகடு என்றே எழுதுகிறேன்.) பிலிமைப் பத்திரமாகச் சுருட்டிவைப்பவர்கள்கூடக் குறுந்தகட்டைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் பிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில படங்களே. நெஞ்சுப் பகுதி ஸ்கேனில் பதிவாகும் நூற்றுக்கணக்கான படங்கள் முழுமையாக இருப்பது குறுந்தகட்டில்தான்.

நுரையீரலில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அளவு மருத்துவருக்குச் சொல்வது மிகக் குறைவு. ஓராண்டுக்கு முன்பும் அதே 6 மில்லிமீட்டர் இருந்ததா, அப்போது 4 ஆக இருந்ததா என்பதே சிகிச்சையின் திசையை மாற்றும். ஊசிவழித் திசுப் பரிசோதனை செய்யலாமா, காத்திருக்கலாமா என்ற முடிவு பல நேரங்களில் பழைய படத்தைப் பொறுத்தே அமைகிறது. தொலைந்த இரத்தப் பரிசோதனைச் சீட்டுக்குப் பதில் பெரும்பாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டின் ஸ்கேனை இந்த ஆண்டு எடுக்க முடியாது.

வேறு ஊரில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புவோர் வீட்டுக் கணினியிலோ அருகிலுள்ள கணினி மையத்திலோ குறுந்தகட்டைப் பிரதி எடுக்கிறார்கள். மிக நல்ல வழக்கம். ஆனால் அச்சிட்ட பெயர் அசல் தகட்டில்தான் இருக்கும். பிரதி வெறும் வெள்ளித் தட்டு. அதில் பெயர் எழுதும் இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. ஒருவர் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறார். இன்னொருவர் பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டை ஒட்டுகிறார். கடுமையான நெடி வீசும் மார்க்கரைத் தேடி எடுப்பவர்களும் உண்டு. மூன்றுமே தகட்டுக்குத் தீங்கானவை.

காரணத்தை அறியத் தகட்டின் அமைப்பைப் பார்க்கவேண்டும். குறுந்தகட்டின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிவான பிளாஸ்டிக். அதன் மேல் தகவல் பதியும் சாயப் படலம், அதற்கு மேல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம், எல்லாவற்றுக்கும் மேலே தலைமுடியைவிட மெல்லிய ஓர் அரக்குப் பூச்சு. இந்த வரிசை பலருக்கு வியப்பளிக்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பயந்து பயந்து கையாள்கிறோம். படங்களோ நாம் பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கின்றன. அடிப்பக்கத்தில் விழும் சிறு கீறலைக் கருவி பெரும்பாலும் தாண்டிப் படித்துவிடும். மேற்பக்கக் கீறல் உலோகப் படலத்தைக் கிழித்துவிட்டால் அந்த இடத்திலுள்ள தகவல் திரும்பாது.

பால்பாயின்ட் பேனாவின் கூர்முனையும் பென்சிலும் ஆகாதவை ஆவது இதனால்தான். கடும் நெடியுள்ள மார்க்கர்களில் சைலீன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கக்கூடும். அவை பூச்சை ஊடுருவி நாளடைவில் கீழுள்ள படலங்களைக் கெடுக்கலாம். ஸ்டிக்கரின் தீங்கு வேறு வகை. கருவிக்குள் தகடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று வரை சுழலக்கூடும். சற்றுக் கோணலாக ஒட்டிய தாள்கூடச் சமநிலையைக் குலைக்கும். வெப்பத்தில் ஓரம் பெயர்ந்தால் கருவிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். டிவிடியில் தகவல் படலம் இரு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் பேனாவின் ஆபத்து குறைவு. ஸ்டிக்கர் அதற்கும் ஆகாது. அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட குறுந்தகடு பராமரிப்புக் கையேடும் ஒட்டும் சீட்டுகளைத் தவிர்க்கவே சொல்கிறது.

பின் எதனால் எழுதுவது? எழுதுபொருள் கடைகளில் ‘சிடி மார்க்கர்’ என்று கேளுங்கள்; நீரை அடிப்படையாகக் கொண்ட மையும் மென்மையான முனையும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். எழுதும் இடம், நடுத் துளையைச் சுற்றியுள்ள ஒளி ஊடுருவும் வளையம். அங்கே தகவல் எதுவும் பதியப்படுவதில்லை. இடம் சிறியது, ஆகவே மருத்துவமனை எண்ணும் ஸ்கேன் எடுத்த தேதியும் போதும். பிரதி எடுத்த தேதியை எழுதிவிடாதீர்கள், ஒப்பிடும்போது அது எங்களைத் தவறான கணக்குக்கு இட்டுச்செல்லும். முழுப் பெயர், வயது, உடற்பகுதி ஆகியவற்றை உறையின் மேல் எழுதலாம், அதுவும் தகட்டை வெளியே எடுத்த பிறகு. நம் குடும்பங்களில் தாத்தாவின் பெயரைப் பேரன் தாங்குவதுண்டு. முன்னெழுத்து இல்லாத ‘முருகன்’ யார் என்று உறை சொல்லாது. ஆதார் எண், கைப்பேசி எண் வேண்டாம்.

இருவரின் ஸ்கேன்களைப் பிரதி எடுக்கும்போது, ஒன்றைப் பதிந்து, திறந்து சரிபார்த்து, பெயர் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். தகடுகள் மாறிப்போவது பெரும்பாலும் ‘எல்லாம் முடியட்டும், அப்புறம் எழுதலாம்’ என்று விடும்போதுதான். படங்களை மட்டும் தேடி எடுக்காமல், தகட்டிலுள்ள எல்லாக் கோப்புகளையும் அப்படியே பதியுங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் எங்களால் துல்லியமாக அளக்க முடியாது.

ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டீர்களா? தயவுசெய்து பிய்க்காதீர்கள். பசையோடு உலோகப் படலமும் உரிந்து வரும். தகடு இன்னும் படிக்கக்கூடியதாக இருக்கும்போதே உள்ளடக்கத்தைக் கணினிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாற்றிவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டைச் செருக இடமே இல்லாததால், பென் டிரைவ் பிரதி எப்படியும் தேவைப்படும். அசலையும் எறியவேண்டாம், வெயில் படாத அலமாரியில் உறையோடு நிற்கவையுங்கள். உறையை மருத்துவக் கோப்போடு சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

மறு பரிசோதனைக்கு வரும் நாளில் பழைய குறுந்தகட்டை வரவேற்பிலேயே கொடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான படங்கள் கணினியில் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். உங்கள் முறை வருவதற்குள் பழையதும் புதியதும் அருகருகே திரையில் இருக்கும்.