பிடியரிசி போல ஒரு நிதி

காலை ஏழு மணிக்குப் பள்ளிச் சட்டையின் பொத்தானைப் போட முடியாத விரல்கள், பதினோரு மணிக்குப் பென்சில் பிடித்து எழுதிக்கொண்டிருக்கும். சிறார் மூட்டழற்சி உள்ள குழந்தையின் நாள் பல வேளைகளில் இப்படித்தான் நகர்கிறது. தூங்கி எழும்போது மூட்டுகள் இறுகிக் கிடக்கும். வெந்நீர் ஊற்றி, மெல்ல நடக்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். காலையில் நொண்டிய பிள்ளை மாலையில் ஓடுவதைப் பார்த்தவர்கள் 'நடிக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறார்கள். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவுகிறார்கள். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மூட்டுவாதம் வயதானவர்களுக்கு மட்டுமே வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. லண்டனில் குழந்தை மருத்துவராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில், 22 குழந்தைகளை ஆராய்ந்து இந்த நோயை விவரித்தது 1897-ல். இன்றைய வரையறைப்படி, 16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் எதுவும் புலப்படாமல், குறைந்தது ஆறு வாரம் நீடிக்கும் மூட்டழற்சி இது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், தன் மூட்டையே தாக்குகிறது.

வசதியற்ற வீட்டில் இந்த நோய் வந்தால், உறவும் ஊரும் நிதி திரட்ட முன்வருவது நம் வழக்கம். மிலாப், கெட்டோ போன்ற இணையதளங்களில் வேண்டுகோள் வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குழந்தையின் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் சுற்றுகின்றன. கொடுக்கிற மனம் பெரியது. ஆனால் நாம் நிதி திரட்டுகிற முறை இந்த நோய்க்குப் பொருந்தாதது என்பதே என் வாதம். இதயத்தில் ஓட்டை, கல்லீரல் மாற்று, 2021-ல் நாடே பேசிய தசைநார்ச் சிதைவுக்கான 16 கோடி ரூபாய் ஊசி, இவற்றுக்கெல்லாம் ஒரே தடவையில் ஒரு பெருந்தொகை வேண்டும். நாம் பழகியிருக்கும் நிதிதிரட்டல் அதற்காக உருவானது. சிறார் மூட்டழற்சிக்கு வேண்டியது, ஆண்டுக்கணக்கில் நிற்காமல் வருகிற சிறுதொகை.

செலவைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். முதன்மை மருந்தான மீத்தோட்ரெக்சேட் மாத்திரை விலை மலிவு; வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். தவறி தினமும் கொடுத்தால் ஆபத்து என்பதால் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது போதாதபோது அடாலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் மருந்துகள் தேவைப்படும். 2014 டிசம்பரில் சைடஸ் காடிலா நிறுவனம் அடாலிமுமாபுக்கு நிகரான மருந்தை இந்தியாவில் வெளியிட்ட பிறகு விலை வெகுவாக இறங்கியது. இறங்கினாலும், இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 26 ஊசி என்பது கூலிக்குப் போகிறவர் தாங்கக்கூடிய செலவல்ல. அந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்ன செய்யும்? மருந்தின் பக்கவிளைவைக் கண்காணிக்க ரத்தப் பரிசோதனை, இயன்முறை சிகிச்சை, நிபுணரைப் பார்க்கப் பெருநகரத்துக்குப் பஸ் செலவு, அன்றைக்குப் போகும் கூலி என்று பட்டியல் நீள்கிறது. கண்ணையும் விட முடியாது. யுவைட்டிஸ் என்னும் உட்கண் அழற்சி சில பிள்ளைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமல் வந்து பார்வையைப் பறித்துவிடும். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லேம்ப் கருவியால் கண்ணைப் பரிசோதித்தால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

இத்தகைய நோய்க்கு ஒரே தடவை வேண்டுகோள் வைத்தால் என்ன ஆகும்? முதலாவதாக, கேட்ட தொகை பெரும்பாலும் சேர்வதில்லை. 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளத்தில் வந்த 4,37,000-க்கும் மேற்பட்ட மருத்துவ உதவி வேண்டுகோள்களை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள்; இலக்கை எட்டியவை சுமார் 12 சதவீதம்தான். இரண்டாவது சிக்கல் இந்த நோய்க்கே உரியது. மருந்து வேலை செய்யத் தொடங்கினால் வீக்கம் வடிகிறது, பிள்ளை ஓடுகிறது, பார்க்கிறவர்களுக்கு நோயே தெரிவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி கேட்டால், 'போன வருஷம்தானே கொடுத்தோம், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்' என்ற பதில்தான் வரும். மருந்தின் வெற்றியே உதவியின் வாயிலை அடைத்துவிடுகிறது. பணம் தீர்ந்து மருந்து பாதியில் நின்றால் நோய் திரும்பிவிடலாம். முன்பு சேர்ந்த லட்சங்கள் காத்துத் தந்த மூட்டு, சில மாதங்களில் பழையபடி வீங்கி நிற்கக்கூடும்.

நம் மரபில் கொடைக்கு இரண்டு வடிவங்களும் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் சேர்கிறது. தொழில் தொடங்கவும் கடன் அடைக்கவும் அது உதவுகிறது. இன்னொன்று, காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பரப்பிய பிடியரிசித் திட்டம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் போடுவது அது. கொடுக்கிறவருக்குக் கனமில்லை, எத்தனையோ வீட்டுப் பிடிகள் சேர்ந்தால் பலர் பசியாறலாம். சிறார் மூட்டழற்சிக்கு நாம் இதுவரை மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வேண்டியது பிடியரிசி. 500 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம். ஒரு குழந்தையின் பெயரில் தொடங்கினாலும், அதே மருத்துவரிடம் வரும் மற்ற பிள்ளைகளுக்கும் பொதுவான நிதியாக அதை வைத்தால், மீத்தோட்ரெக்சேட்டே போதுமான பிள்ளைக்குச் செலவாகாத பணம் ஊசி தேவைப்படும் பிள்ளைக்குப் போகும்.

முகம் தெரியாத பொதுநிதிக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். ஒரு குழந்தையின் கண்ணீர் மனங்களை இளக்குவது உண்மைதான். ஆனால் இன்று எட்டு வயதில் வீங்கிய முழங்காலோடு இணையத்தில் ஏறிய படம், இருபத்தைந்து வயதில் வேலைக்கும் கல்யாணத்துக்கும் நிற்கும்போதும் அங்கேயே இருக்கும். பிள்ளையிடம் கேட்காமல் நாம் செலவழிக்கிற அவளுடைய சொத்து அது. படமில்லாமலும் மனதைத் தொடலாம். 'இந்த மாதம் உங்கள் பணத்தில் நான்கு பிள்ளைகளுக்கு எட்டு ஊசி, இருவருக்குக் கண் பரிசோதனை' என்று மாதந்தோறும் வரும் ஒரு வரி, கொடுத்தவரைத் தொடர்ந்து கொடுக்க வைக்கும். மோசடி பயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பணம் குடும்பத்தின் கைக்குப் போகாமல் மருந்துக்கடைக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் நேராகப் போகட்டும். சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்க வேண்டாம். பஸ் செலவை மட்டும் ரசீதைப் பார்த்துக் கொடுக்கலாம். மொய் நோட்டில் ஒரு ரூபாயும் விடாமல் எழுதுகிற சமூகத்துக்குக் கணக்கு வைப்பது புதிதல்ல.

புற்றுநோய்ப் பிள்ளைகள் உயிருக்குப் போராடும்போது மூட்டுவலிக்கு நிதியா என்ற கேள்வி கனமானது. இதயத்தைச் சுற்றி நீர் கோக்கும் வகையும் இந்த நோயில் உண்டு. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் உயிருக்கு இதனால் ஆபத்தில்லை என்பது உண்மை. போகக்கூடியது, அறுபது எழுபது ஆண்டு வாழப்போகும் ஒருவரின் நடையும் பார்வையும். தொடக்கத்திலேயே சரியான மருந்து கிடைத்தால் பல பிள்ளைகளுக்கு நோய் முற்றிலும் அடங்குகிறது. இவ்வளவு காப்பாற்ற முடிந்தும் இழப்பதுதான் கொடுமை.

இது அரசின் கடமை, தர்மம் செய்து அரசைத் தப்பவிடலாமா என்ற எதிர்ப்பை நான் பாதி ஏற்கிறேன். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் படுப்பதை மையமாகக் கொண்டது. வீடு திரும்பிய பிறகு 15 நாள் வரையிலான செலவே அதில் அடங்கும். வீட்டில் போடும் ஊசி இந்த அமைப்புக்குள் எளிதில் பொருந்துவதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பள்ளிகளில் தேடும் குறைபாடுகளின் பட்டியலிலும் இந்த நோய் இல்லை. இதை மாற்ற அரசால் முடியும். மருந்தை மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்க 1994-லேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது இந்த மாநிலம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. மாதாமாதம் தொடரும் நோய் என்றால் என்னவென்று இந்த அரசுக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் பிள்ளைகளின் மூட்டும் சேரவேண்டும். அதுவரை மூட்டு காத்திருக்காது. ஒழுங்காகக் கணக்கு வைக்கும் நிதி, எத்தனை பிள்ளைகள், எந்த மருந்து, எவ்வளவு செலவு என்பதைக் காட்டும் சான்றாகவும் அரசின் முன் நிற்கும்.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு வேண்டுகோள் வரும்போது, ஐந்தாயிரத்தை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு மறப்பதற்கு முன், 'மூன்றாம் ஆண்டு ஊசிக்கு என்ன ஏற்பாடு?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், வேண்டுகோள் வைத்தவர்களோடு உட்கார்ந்து ஏற்பாட்டை உருவாக்குங்கள். உங்கள் ஐந்தாயிரம், மாதம் 100 ரூபாயாக நான்கு ஆண்டுக்கு மேல் வரும்.