பாவமும் உரியாவும்: 51ஆம் சங்கீதத்தின் ஒரு வசனம் குறித்து

லெந்து காலத்தில் 51ஆம் சங்கீதத்தை வாசியாத சபை நம்மிடையே அரிது. பாவத்தைக் குறித்துப் போதிக்க முற்படும் ஆயர் முதலில் நாடுவதும் இச்சங்கீதத்தையே. அதற்குத் தக்க காரணமுண்டு. பாவத்தைக் குறிக்கும் மூன்று முதன்மையான எபிரேயச் சொற்கள் இதன் முதல் இரு வசனங்களில் ஒருங்கே வருகின்றன. 'பெஷா' என்பது அடங்க மறுத்துக் கலகஞ்செய்தல். தாவீதின் வம்சத்தை விட்டு இஸ்ரவேலர் பிரிந்ததை 1 இராஜாக்கள் 12:19 இதன் வினைவடிவத்தாலேயே கூறுகிறது. 'ஆவோன்' கோணலையும், அதனால் விளையும் குற்றச்சுமையையும் உணர்த்தும். 'ஹட்டாத்' குறிதவறுதல், இடதுகைப் பழக்கமுள்ள 700 பென்யமீனியர் குறி தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்னுமிடத்தில் (நியாயாதிபதிகள் 20:16) அதன் வினைச்சொல்லைக் காண்கிறோம். நம் தமிழ் வேதாகமம் இவற்றை முறையே மீறுதல், அக்கிரமம், பாவம் எனப் பெயர்த்துள்ளது.

இவை வகுப்பறையில் நாம் கற்றவையே. இடறல் நான்காம் வசனத்தில் இருக்கிறது. தாம் செய்த பாவம் கடவுள் ஒருவருக்கே விரோதமானது என்று சங்கீதக்காரர் அறிக்கையிடுகிறார். சங்கீதத்தின் தலைப்போ இதை நாத்தான் தாவீதினிடத்தில் வந்த வேளையோடு இணைக்கிறது. அவ்வாறாயின் உரியா எங்கே?

2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிப்பது நலம். உரியா ஏத்தியன், அயல் இனத்தான். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது (23:39). உடன் வீரர் வெளியிலே பாளயமிறங்கியிருக்கத் தன் வீட்டிற்குச் செல்ல மறுத்தவன். அவன் யோவாபிடம் கொண்டுசென்ற நிருபத்தில் அவனுடைய சாவே எழுதப்பட்டிருந்தது. அவன் இறந்த செய்தி வந்தபோது, பட்டயம் எவனையும் பட்சிக்கும் என்னும் பொருள்படத் தாவீது ஆறுதல் சொல்லி அனுப்புகிறான். கொலையைப் போரின் பொதுக்கணக்கில் எழுதிவிடும் பேச்சு இது. இவ்வளவிற்கும் பின் 'உமக்கு மாத்திரமே' என்று அறிக்கை செய்வது எங்ஙனம் பொருந்தும்?

பழங்காலத் திருச்சபைத் தந்தையருள் அம்புரோசியார் ஒரு விளக்கம் தந்தார். தாவீது அரசன், மனிதச் சட்டம் எதுவும் அவனைக் கட்டுப்படுத்தாது, ஆதலின் கடவுளுக்கு மட்டுமே அவன் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதே அது. ஆளுவோர் செவிக்கு இனிய விளக்கம். ஆயினும் தெசலோனிக்கேயில் மக்களைக் கொல்லுவித்த பேரரசர் தெயோதோசியுவிடம் கி.பி. 390இல் மனந்திரும்புதலைக் கோரியவரும் இதே அம்புரோசியாரே. அக்கடிதத்தில் அவர் எடுத்துக்காட்டியதும் தாவீதையே. உரையாசிரியரைவிட ஆயர் தெளிவாகக் கண்டார் எனலாம்.

இவ்வசனம் உரியாவை விலக்குவதன்று. உரியாவின் பின்னே நிற்பவரைக் காட்டுவதாகும் என்பதே எம் கருத்து. நாத்தான் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. கர்த்தருடைய வார்த்தையை நீ அசட்டை செய்தாய் என்னும் குற்றச்சாட்டையும், உரியாவைக் கொன்றாய் என்பதையும் ஒரே மூச்சில் கூறுகிறார் (12:9). எண்ணாகமம் 5:6-7 இன்னும் தெளிவு. மனிதருக்குச் செய்யும் தீங்கு கர்த்தருக்குச் செய்யும் துரோகமாகும். அறிக்கை செய்தபின் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாதிக்கப்பட்டவனுக்கே கொடுக்க வேண்டும். கடவுளிடம் அறிக்கை, அயலானிடம் ஈடு. ஒன்று மற்றதற்கு மாற்றாகாது.

தமிழில் இங்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாவ புண்ணியம் என்று இணைத்துப் பேசிப் பழகிய செவிக்குப் பாவம் ஒருவன் தன் பெயரில் ஏற்றிக்கொள்ளும் கணக்காகவே கேட்கிறது. கணக்கைத் தீர்த்தல் அவனுக்கும் கடவுளுக்கும் இடையிலான செய்தியாகிவிடுகிறது. ஆனால் அதே சொல்லைத்தான் நம் மக்கள் துன்புறுவோரைக் கண்டு இரங்கியும் சொல்லுகிறார்கள். 'பாவம், உரியா' என்பான் தமிழன். இழைத்தவன் நிலைக்கும் இழைக்கப்பட்டவன் நிலைக்கும் ஒரே சொல் வழங்குவது அகராதிக்குத் தொல்லையாயினும், போதகருக்கு நல்ல வாயில்.

பலகையில் முழங்காற்படியிடும் சபையை எண்ணிப் பார்ப்போம். கூலியைக் குறைத்துக் கொடுத்தவரும், குறைந்த கூலி வாங்கியவரும் அருகருகே ஒரே அறிக்கையைச் சொல்லுகின்றனர். முன்னவர் கண்ணீருடன் மன்னிப்பின் நிச்சயம் பெற்று இல்லம் ஏகுகிறார். பின்னவருக்கு வரவேண்டிய பணம் வராமலே நிற்கிறது. போதாக்குறைக்குத் தம் வறுமையும் தம் பாவத்தின் பலனோ என்னும் ஐயத்தோடு அவர் திரும்புகிறார். எல்லாரும் பாவிகள் என்பது பவுலின் உபதேசம். அதை நாம் தளர்த்துவதற்கில்லை. எனினும் எல்லாரும் ஒரே பாவத்தைச் செய்தவர்கள் என்று பவுல் சொல்லவில்லை. 1980இல் மெல்போர்ன் நகரில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த ரேமண்டு பங், ஏழையர் பாவிகள் மட்டுமல்லர், பாவத்திற்கு இரையானவர்களுமாவர் என்று வற்புறுத்தியது இங்கு நினைக்கத்தக்கது.

1662ஆம் ஆண்டு ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தின் நற்கருணை அறிக்கை, தெய்வீக மகத்துவத்திற்கு விரோதமான பாவத்தையே கூறும். தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட ஆராதனை முறைமையோ கடவுளோடு அயலாரையும் சேர்த்துக்கொண்டது. சிறு சேர்க்கைதான், ஆராதனையில் விரைந்து கடந்துவிடுகிறோம். அச்சொல்லுக்குப்பின் சற்று மௌனம் காப்பது நடத்துவோர் கையில் இருக்கிறது.

மத்தேயு தம் சுவிசேஷத்தின் வம்ச அட்டவணையில் தாமார், ராகாப், ரூத் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சாலொமோனின் தாயை மட்டும் பெயரால் குறியாமல் உரியாவின் மனைவி என்கிறார் (1:6). பத்சேபாளின் பெயர் மறைக்கப்பட்டதென்று குறைகூறுவோர் உளர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இயேசுவுக்கு மூதாதையல்லாத அந்த ஏத்தியனின் பெயர் அவ்விடத்தில் நிற்கிறது.