உப்பளக் கரையில் லித்தியத்தின் கணக்கு

மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு போன்ற கடும் மனநோய்களை இரத்தப் பரிசோதனை ஒன்றால் கண்டறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் மெய்ப்படவில்லை. அழற்சியைக் காட்டும் புரதங்கள், வைட்டமின் டி, கொழுப்பு அமிலங்கள் எனப் பலவும் ஆராயப்பட்டிருந்தாலும், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் நெடுநேரம் பேசி மருத்துவர் எடுக்கும் முடிவுக்கு ஈடாக அவற்றில் எதுவும் நிலைபெறவில்லை. முதன்முறை மனக்குழப்பத்தோடு வருபவருக்குத் தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிப்பதுகூட, மனநோய் போலவே தோன்றும் உடல்நோய்களை விலக்குவதற்காகத்தான். எனினும் நோயின் பெயரைச் சொல்லாத இரத்தம் சிகிச்சையின் பாதுகாப்பைச் சொல்கிறது. லித்தியம் அதற்குத் தெளிவான சான்று.

இருமுனைக் கோளாறில் மனம் கட்டுக்கடங்காமல் எழுவதையும் அடியோடு சரிவதையும் தடுக்கும் லித்தியம் கார்பனேட்டும் ஓர் உப்புதான். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அதன் பயனை வெளியிட்ட அதே ஆண்டில், அமெரிக்காவில் சமையல் உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடால் இதய நோயாளிகள் சிலர் இறந்தனர். மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு குறுகியது: இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகப் பயன் தரும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். லித்தியத்தை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்துடையது. அது லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாளுவதால், உடலில் நீரும் உப்பும் குறையும்போது சோடியத்தைத் தக்கவைக்க முயன்று லித்தியத்தையும் சேர்த்தே தக்கவைக்கிறது. இதனால் மாத்திரையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்துவிடலாம்.

வானூர், மரக்காணம் வட்டங்களின் நடுவே கழுவெளி நீர்ப்பரப்பும் அதன் முகத்துவாரப் பக்கம் உப்பளங்களும் விரிந்துகிடக்கும் இக்கரையில் இந்த உண்மை ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. நிழலற்ற பாத்திகளில், தரையிலிருந்தும் வெயில் திருப்பியடிக்க, உப்பு வாரிச் சுமப்பவர்களின் உடல் நாள்தோறும் நீரை இழக்கிறது. உப்பளங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் ஆராய்ந்தபோது, தொழிலாளர்களில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வியர்வை வழியே லித்தியமும் சிறிது வெளியேறும் என்றாலும், களைத்த சிறுநீரகத்துக்கு அது ஈடாகாது. உடம்பு வலிக்காக மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோஃபினாக், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. இரத்த அழுத்தம் என்றதும் உப்பைக் குறைக்கச் சொல்லும் நல்ல அறிவுரைகூட, லித்தியம் உட்கொள்பவருக்கு மருத்துவரின் கண்காணிப்பின்றிப் பின்பற்றத் தகாதது.

ஆகவே லித்தியம் எடுப்பவரின் மருத்துவக் குறிப்பேட்டில் தொழிலையும் எழுதியாக வேண்டும். மழைக்காலத்தில், உப்பளம் ஓய்ந்திருக்கையில், சரியெனக் கண்ட அளவு சித்திரை வெயிலிலும் சரியாகவே இருக்கும் என்று கொள்ள இயலாது. நிலைபெற்ற நோயாளிக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும் சோதனையில் ஒன்றைக் கோடைத் தொடக்கத்துக்கென ஒதுக்குவது இக்கரைக்குப் பொருந்தும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட்டவர் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். விடியுமுன் பாத்தியில் இறங்குபவருக்கு அது ஒரு நாள் கூலி. கோரிமேட்டு ஜிப்மரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில் இருந்தும் சோதனை தள்ளிப்போக இந்த ஒரு காரணமே போதும். மாவட்ட மனநலத் திட்டம் வட்ட மருத்துவமனையிலேயே இரத்தம் எடுத்து அனுப்ப வழிசெய்தால் பயணமாவது மிஞ்சும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகளில் பெருநடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு ஆகியவை லித்தியம் நஞ்சாவதன் அடையாளங்கள். உப்பளத்தில் அவற்றை வெயில் மயக்கம் என்றே எவரும் எண்ணிவிடக்கூடும் என்பது பெரும் இடர். அத்தகையவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் குடும்பத்தார் மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் சென்று காட்ட வேண்டும்; அன்றே லித்தியம், சோடியம், கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் அளந்து பார்க்க வேண்டும்; மருத்துவர் சொல்லும்வரை அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்கலாகாது.