சரிவில் படுத்த தொலைநோக்கி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது, பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு விண்மீன்களைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. 1609-இல் கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியதில் தொடங்கி, ஊட்டியை அடுத்த முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியில் கொண்டுவந்து முடித்தேன். படத்தைப் பார்த்த ஒரு சிறுமி எழுந்து, “ஏனுங்கண்ணா, இது மட்டும் ஏனுங்க சரிவுல படுத்துக் கிடக்குது?” என்று கேட்டாள். மலையில் சமதளம் கிடைத்திருக்காது என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது தவறான விடை. அதைத் திருத்தவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாருவுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் இரவில் தண்ணீர் பாய்ச்சும்போது அவருக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. மார்கழி பிறந்த புதிதில், வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள் உச்சிக்கு வந்தால் நடுச்சாமம், மடையை மாற்றிவிடுவார். எல்லா மீனும் நகரும், வடக்கே தாழ்வாக நிற்கும் ஒன்று மட்டும் நகராது என்பார். அதைப் பாடமாக நான் எண்ணியதேயில்லை.

நகராத அந்த மீனே துருவ நட்சத்திரம். பூமி சுழலும் அச்சு ஏறக்குறைய அதை நோக்கியே நீண்டிருக்கிறது. ஆகவே மற்ற மீன்களெல்லாம் அதைச் சுற்றி வருவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவனுக்கு அது அடிவானத்தை ஒட்டியிருக்கும். வடதுருவத்தில் தலைக்கு நேர் மேலே. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி உயரத்தில் அது நிற்கும். கோவைக்கு 11.

ஊட்டிக்கும் ஏறக்குறைய அதே 11தான். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அவர்களும் குழுவினரும் வடக்கே சுமார் 11 டிகிரி உயரும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள இக்கருவியை அதன்மேல் வடக்குத் தெற்காக அமைத்தனர். பணி 1970-இல் நிறைவுற்றது. இப்போது அதன் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணை. பூமி சுழலச் சுழல, எதிர்த்திசையில் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால் போதும். வானில் ஒரே இடத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். சரிவு இல்லையேல் இரண்டு அச்சுகளில் திருப்ப வேண்டும். அரைக் கிலோமீட்டர் இரும்பை அப்படித் திருப்புவது யாரால் ஆகும்? வடக்கு தெற்காகப் பார்வையை மாற்ற மட்டும் 1056 ஆன்டெனாக்களின் மின்னலைகளைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

ஊட்டியின் மஞ்சு மறைக்காதா என்று கேட்கலாம். இது ஒளியைத் திரட்டுவதன்று. தொலைதூர அண்டங்களிலிருந்து வரும், சுமார் 92 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைகளைத் திரட்டுவது. அவை மேகத்தைக் கடந்து வரும், பகலிலும் வரும். அலை அவ்வளவு நீளமாதலால் கண்ணாடியும் தேவையில்லை. இழுத்துக் கட்டிய 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே அதற்குக் கண்ணாடி. நிலா ஓர் அண்டத்தை மறைக்கும் கணத்தில் அலை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அதன் இடத்தையும் அளவையும் இங்கே கணித்தார்கள்.

இவ்வளவையும் எழுதி அச்சிறுமியின் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். துருவ நட்சத்திரத்தைக் காண விரும்பும் நண்பர்கள் வடக்கு நோக்கிக் கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வையுங்கள். முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே தேடுங்கள். நம் விடுதி மாடியில் தென்னை மறைக்கிறது. விளையாட்டுத் திடலின் தெற்குக் கோடியில் நின்றால் தெரியும்.