கைத்தொழிலைக் கைவிட்ட பள்ளிக்கூடங்கள்

மலைநாட்டுக் கல்வி: தொடர் 9

கண்டி மாநகரிலிருந்து பேராதனையைக் கடந்து, கம்பளை வீதியில் கெலிஓயாவரை சென்று, அங்கிருந்து மேற்கே வயல்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் இடையே வளைந்து செல்லும் கிளைப்பாதையில் திரும்புகின்றவர்கள் உடுநுவர என்னும் பழைய பிரதேசத்தினுள் நுழைகின்றனர். கதலாதெனிய விகாரையும் லங்காதிலக விகாரையும் எம்பெக்கே தேவாலயமும் சில மைல் தூரத்துக்குள்ளே அமைந்திருக்கும் இந்தப் பிரதேசத்தைச் சிற்பத் தொழிலின் கல்லூரி என்றே சொல்லிவிடலாம். கம்பளையிலிருந்து அரசுபுரிந்த நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டில், கதலாதெனியாவைக் கல்லால் எழுப்பிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி என்று அங்குள்ள சாசனம் கூறுகின்றது. லங்காதிலகப் பாறையிலோ சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எம்பெக்கேயில் மரத்தூண்களின் செதுக்கு வேலையைக் கண்டு மயங்கி நிற்பவர்கள் சற்றே அண்ணாந்து பார்த்தால், கூரையின் 26 கைமரங்களையும் ஒரே மரமுளை தாங்கி நிற்கும் அதிசயத்தையும் காணலாம். கணக்குப் பிசகாமல் அதைப் பொருத்திய தச்சர்கள் எந்தப் பரீட்சைக்கும் தோற்றியவர்களல்லர்.

பள்ளிப் பிள்ளைகளைத் தொழிலுக்குத் தகுதியாக்குவது எப்படி என்ற கேள்விக்கு இந்தத் தொடரில் விடை தேடப் புகும்போது உடுநுவரவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிரதேசத்திலுள்ள ஹந்தெஸ்ஸ என்ற சிற்றூரின் பெயரால்தான், இலங்கையில் கல்வியையும் தொழிலையும் இணைப்பதற்கு அரசாங்கம் எடுத்த முதலாவது பெருமுயற்சி இன்றுவரை அறியப்படுகின்றது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அந்தத் தச்சர்கள் தொழில் கற்ற முறையைச் சிறிது பார்த்துவிட வேண்டும்.

கண்டி இராச்சியத்தில் தொழில் பிறப்போடு வந்தது. கொல்லனும் தச்சனும் பாய் நெய்பவனும் தத்தம் ஊழியத்துக்கு ஈடாகக் கோயிலிடமிருந்தோ அரசனிடமிருந்தோ நிலம் பெற்று அனுபவித்தார்கள். அந்த நிலமும் ஊழியமும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கின. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு 1903 முதல் 1906 வரை தலைவராக இருந்து, கற்களைத் தேடி வந்த இடத்தில் கலைகளைக் கண்டுகொண்ட ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட தமது பெருநூலில் கண்டிச் சிற்பிகளின் பயிற்சியை விரிவாக வர்ணித்திருக்கின்றார். ‘வக தெக’ என்னும் இரட்டை வளைவை வரைவதே மாணாக்கனின் முதற்பாடம். அந்த வளைவு கைக்குப் பழகிய பின்னரே கொடியும் பூவும் அன்னமும் வரும். பட்டறையில் குருவும் தந்தையும் ஒருவரே. கற்றுக்கொண்டே பையன் வேலை செய்தான், அவன் செய்த வேலையை ஒருவர் உபயோகித்தார், பிழையானால் அன்றே தெரிந்தது.

இப்படிப்பட்ட பயிற்சியின் மேன்மையைப் புகழ்ந்து எழுதுவது எளிது. குமாரசுவாமியும் புகழ்ந்தார், நாமும் புகழலாம். ஆயினும் தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டும், பறை அறைபவன் மகன் பறையே அறைய வேண்டும் என்ற நியதி அந்த மேன்மையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்ததையும் மறைக்கக்கூடாது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி, அதன்பின் இரு தசாப்தங்களுக்குள் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்ட போதிலும், கோயில் நிலங்களின் ஊழியம் மேலும் நெடுநாள் நீடித்தது. அந்தச் சூழ்நிலையில் கிராமத்துக்கு வந்த பள்ளிக்கூடத்தை ஏழைத் தகப்பன் எப்படிப் பார்த்திருப்பான்? பிறப்பு விதித்த தொழிலிலிருந்து தன் பிள்ளை வெளியேறுவதற்குத் திறந்த ஒரே கதவாகத்தான் பார்த்தான். அந்தக் கதவுக்குள்ளும் உளியும் மண்வெட்டியும் காத்திருக்கின்றன என்று அறிந்தபோது அவன் அடைந்த ஏமாற்றத்தை, பின்னால் வந்த கல்வி மந்திரிகள் பலர் விளங்கிக்கொள்ளவேயில்லை என்பது என் அபிப்பிராயம்.

1931இல் அரசாங்க சபை அமைந்து, ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முதலாவது கல்வி மந்திரியானார். அவரது பதவிக்காலத்தின் ஆரம்ப ஆண்டுகளிலே உருவெடுத்ததுதான் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம். பாடப்புத்தகத்தைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் கல்வியை நீக்கி, கிராமத்தின் வயலும் தோட்டமும் நெசவும் சுகாதாரமும் பாடங்களுக்கு மையமாக வேண்டுமென்பதும், சுயபாஷைப் பள்ளியில் படித்துத் தேறும் பிள்ளை தன் ஊரிலேயே ஜீவனம் நடத்தத் தக்கவனாக வேண்டுமென்பதும் அதன் நோக்கங்கள். காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வி மகாநாட்டைக் கூட்டியது 1937 அக்டோபரிலேதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே கண்டிச் சீமையின் ஒரு மூலையில் அதே திசையில் ஓர் அடி எடுத்து வைக்கப்பட்டுவிட்டது என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

திட்டம் பல பாடசாலைகளுக்குப் பரவியது. பின்னர் மெல்ல மெல்ல மறைந்தும் போயிற்று. மறைந்ததற்கு உபாத்தியாயர்களின் பயிற்சிக் குறைவும் பணப்பற்றாக்குறையும் காரணங்களாகக் கூறப்படலாம். அவை உண்மையே என்றாலும் வேர் வேறிடத்தில் இருந்தது. அக்காலத்தில் சுயபாஷைப் பள்ளிகள் இலவசம், ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கட்டணம். கச்சேரியிலும் புகையிரதப் பகுதியிலும் கம்பனிக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் வேலை ஆங்கிலம் கற்றவனுக்கே கிடைத்தது. கட்டணம் செலுத்த வல்லவனின் பிள்ளை ஷேக்ஸ்பியரைப் படிக்க, செலுத்த இயலாதவனின் பிள்ளை கிழங்குப் பாத்தி கட்டுவது என்ற ஏற்பாட்டை எவ்வளவு அழகிய கல்வித் தத்துவத்தால் போர்த்தினாலும், அந்தப் போர்வைக்குள் இருப்பது என்னவென்று கிராமத்துத் தகப்பனுக்குத் தெரிந்தே இருந்தது. சென்னை இராஜ்ஜியத்தில் 1953இல் ராஜாஜி, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டுமென்று ஒரு திட்டத்தைக் கொண்டுவர, அது குலக்கல்வி என்று பெயர்பெற்று, மறு ஆண்டே காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டதைத் தமிழ் வாசகர் அறிவர். கடலுக்கு இரு கரையிலும் ஒரே பயந்தான் வேலை செய்தது. அந்தப் பயம் நியாயமானதும்கூட.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி கண்டி நகருக்குள்ளேயே, அதுவும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் படித்த திரித்துவக் கல்லூரியில், ஹந்தெஸ்ஸவுக்கு முன்பே நடந்தது. 1904 முதல் 1924 வரை அங்கே அதிபராயிருந்த அலெக்சாந்தர் கார்டன் பிரேசர், தம் மாணாக்கர் சொந்த ஊருக்கு அந்நியராகிவிடக் கூடாதென்ற உறுதியோடு, ஆங்கிலமே கதியென்றிருந்த கல்லூரியில் சிங்களமும் தமிழும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். நகரத்து ஏழை மக்களிடையே சேவை செய்வதற்கென மாணவர் சங்கமொன்றையும் அமைத்தார். அவருடைய உப அதிபர் காஸ்டர், கல்லூரியின் வழிபாட்டு மண்டபத்தைக் கோதிக் பாணியில் எழுப்பாமல், கண்டி நாட்டுச் சிற்ப மரபைத் தழுவிக் கல்தூண்கள் நிறுத்தி அமைத்தார். பிரேசர் மிஷனரி, அவருடைய எல்லா நோக்கங்களையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. இங்கிருந்து சென்றபின் மேற்காபிரிக்காவின் தங்கக் கரையில் அச்சிமோட்டா கல்லூரியை ஆரம்பித்து நடத்தியவர் அவர் என்பதையும், அங்கும் இதே கவலையை விடவில்லை என்பதையும் நினைக்கும்போது, உலகத்தின் பல மூலைகளில் ஒரே பிரச்சினை ஒரே காலத்தில் தலைகாட்டியது விளங்கும். ஊர் மொழியும் நகரத்து ஏழைகளிடையே செய்யும் ஊழியமும் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்டபோது, அவற்றை இழிவென்று எவரும் சொல்லவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

தோட்டங்களின் கதை தனி. 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று விதித்ததையும், அந்தப் பள்ளி பெரும்பாலும் ஓர் உபாத்தியாயரும் ஒரு கொட்டகையுமாக நின்றதையும் முந்திய வாரங்களில் பார்த்தோம். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட நாள்முதல் இந்த மலைகளில் தமிழ்ப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி குறைவாக இருந்ததேயில்லை. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிறந்த உடனேயே காத்திருந்தன. அத்தகைய பிள்ளையின் தாயிடம் சென்று, படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்பிப்போம் என்று சொல்கின்றவர் சற்று யோசித்துச் சொல்வது நல்லது.

1971 ஏப்ரல் மாதத்தில் படித்த கிராமத்து இளைஞர்கள் ஆயுதம் ஏந்தியபோது நாடு திடுக்கிட்டு விழித்தது. பேராதனைச் சர்வகலாசாலையிலிருந்து கலைப்பட்டம் பெற்று வெளிவந்தவர்களும், பத்தாம் வகுப்பு முடித்தவர்களும் உத்தியோகமின்றி வீட்டுத் திண்ணையில் காத்திருந்த காலம் அது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழு, கிடைக்கின்ற வேலைகளுக்கும் படித்தவர் எதிர்பார்க்கின்ற வேலைகளுக்கும் இடையிலுள்ள பிளவைச் சுட்டிக்காட்டிற்று. அப்போது கல்வி அமைச்சராயிருந்த பதியுதீன் மஹ்மூத், கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்து அதனை வளர்த்தவர். கண்டியிலே மகளிர் கல்லூரியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மலைநாட்டுப் பள்ளிகளின் உள்ளும் புறமும் அறிந்த அவரும், அமைச்சின் செயலாளர் பிரேமதாச உடகமவும் 1972இல் கொண்டுவந்த சீர்திருத்தம், ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பள்ளிகளிலும், நகரத்துப் பெரிய கல்லூரிகள் உட்பட, தொழில் முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. அந்தந்த ஊரில் நடக்கும் தொழில்களை ஆராய்ந்து பாடத்திட்டம் வகுக்கலாம் என்றும் இடங்கொடுத்தது. ஹந்தெஸ்ஸ செய்த பிழையை இது செய்யவில்லை. வைத்த பந்தியில் எல்லாரையும் உட்கார வைத்தது. அதனாலேயே எதிர்ப்பும் வலுத்தது போலும். பழைய பொதுத் தராதரப் பத்திரத்தை நீக்கிப் புதிய பரீட்சையொன்றை வைத்ததும் பெற்றோரைக் கலங்கச் செய்தது. 1977இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு வாழ்க்கைத் திறன் என்றும் வேறு பெயர்களாலும் வந்தவை, அந்த முயற்சியின் நிழல்கள்.

இன்றைய நிலைமையைச் சொல்லப் புகுந்தால் சிரிப்பும் வருகின்றது. செயன்முறைகளும் தொழினுட்பத் திறன்களும் என்று ஒரு பாடம் உண்டு. விவசாயமும் மனைப்பொருளியலும் சாதாரண தரத்தில் உண்டு. பிள்ளைகள் அவற்றைப் பெரும்பாலும் கொப்பியில் எழுதிக் கற்கின்றார்கள். மண்வெட்டியின் பகுதிகளைப் படம் வரைந்து பெயர் குறிக்கத் தெரிந்தவனுக்கு மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியுமா என்று பரீட்சை கேட்பதில்லை. ஒப்படைகளின் சங்கதி இன்னும் விசேஷம்: மறுநாள் கொடுக்க வேண்டிய மாதிரி வீட்டைத் தகப்பன் இரவிரவாக ஒட்டிக்கொண்டிருக்க, பிள்ளை ரியூஷன் கொப்பியோடு தூங்கிப்போகும் வீடுகள் கட்டுகஸ்தோட்டையிலும் உண்டு, கண்டி நகரத்து மாடிக் குடியிருப்புகளிலும் உண்டு. அந்தத் தகப்பனுக்குத்தான் புள்ளி போட வேண்டும்.

கண்டியில் வேலை தருகின்றவர்கள், அதாவது ஹோட்டல்காரர்களும் வாகனப் பட்டறைக்காரர்களும் தலதா வீதிக் கடைக்காரர்களும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளும், புதிதாக வரும் பிள்ளையிடம் முதலில் எதிர்பார்ப்பவை மிகச் சாதாரணமானவை: சொன்ன நேரத்துக்கு வருவது, அளவெடுத்தால் சரியாக எடுப்பது, தெரியாததைத் தெரியாதென்று உடனே சொல்வது, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசுவது. இந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். தமிழ்மொழிமூலம் பதின்மூன்று ஆண்டு படித்து, சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் பரீட்சைக்கு மாத்திரம் எழுதிவிட்டு வெளிவரும் பிள்ளை, கடை முதலாளியின் முதற்கேள்விக்கே நாவெழாமல் நிற்கின்றான். அவனுக்கு அறிவுக் குறைவில்லை; சிங்களத்தைக் கொண்டு ஒரு காரியம் செய்யும்படி பள்ளி அவனை ஒருநாளும் ஏவவில்லை. சந்தைக்குச் சென்று விலை விசாரித்து வருவதையும், தபாற்கந்தோரில் ஒரு படிவம் நிரப்புவதையும் இரண்டாம் மொழிப் பாடமாக வைக்கும் உபாத்தியாயர்கள் சிலர் மலைநாட்டில் உண்டு. அவர்களுடைய வகுப்பைப் பார்க்கும் வித்தியாதரிசிகள் சத்தம் அதிகமென்று குறிப்பெழுதாமலிருந்தால் போதும்.

உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு திறக்கப்பட்டது. 2017இல், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் 13 ஆண்டுக் கல்வியைப் பூர்த்தி செய்யலாம் என்ற ஏற்பாட்டின்கீழ், முதற்கட்டமாக 42 பாடசாலைகளில் தொழிற்கல்விப் பிரிவு ஆரம்பமாயிற்று. பின்னதை நான் முழுமனதோடு வரவேற்கின்றேன். பதினோர் ஆண்டு படித்த பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பும் கொடுமைக்கு அது ஒரு மாற்று. முதலாண்டில் பொதுப்பாடங்களும் பிறகு தெரிந்தெடுத்த தொழிலில் பயிற்சியும் பெற்று, தேசிய தொழிற்றகைமையின் நான்காம் நிலைச் சான்றிதழோடு பிள்ளை வெளியேறலாம். அந்தச் சான்றிதழ் எவருடைய பிறப்பையும் விசாரிப்பதில்லை, எம்பெக்கேத் தச்சனின் காலத்திலிருந்து பார்த்தால் இது சிறிய காரியமன்று. ஆனாலும் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை விரும்பினாலும் அந்த வகுப்பில் சேர வீட்டார் சம்மதிப்பார்களா? பாடசாலையின் பிரதான மண்டபத்தில் பரிசளிப்பு நடக்கும்போது அந்தப் பிரிவின் பிள்ளைகள் எங்கே அமர்த்தப்படுகின்றார்கள்? கண்டி மாவட்டத்தில் இந்தப் பிரிவில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரும், சேர்க்க மறுத்த பெற்றோரும் இதுபற்றிச் சொல்லும் காரணங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)