பிடித்த புகை எங்கே போகும்?

கரிம வரியைப் பற்றி வானொலியில் பேசும்போதெல்லாம் நேயர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். “தொழிற்சாலைப் புகையைப் பிடித்துக் கடலுக்கு அடியில் புதைக்கப் போகிறார்களாமே, நடக்கிற காரியமா?”

ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட முடியாத கேள்வி. அதனால் நேரம் ஒதுக்கிப் படித்தேன். புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிப்பது பாதி வேலைதான் என்று புரிந்தது. பிடித்த வாயு எங்கே போகிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

சிங்கப்பூரில் 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024ல் 25 வெள்ளியானது. 2026க்கு 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும். ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் நிறுவனங்கள்தான் இதை நேரடியாகக் கட்டுகின்றன. ஆனாலும் மின்கட்டணம் வழியாக ஒரு பகுதி நம்மிடமும் வந்து சேர்கிறது. வரி 25 வெள்ளியாகும்போது நான்கறை வீவக வீட்டின் பயனீட்டுக் கட்டணம் சராசரியாக மாதம் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் கணித்திருந்தது.

நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சூரியத் தகடுகளைப் பரப்ப இடம் குறைவு. காற்றாலைக்குப் போதிய காற்று இல்லை. அணை கட்டி மின்சாரம் எடுக்கப் பெரிய ஆறும் இல்லை. 2050க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்க வேண்டும் என்றால், வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் வழியையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

கலந்த சர்க்கரையைப் பிரிப்பது

எரிவாயு மின்நிலையப் புகையில் கரியமிலவாயு சுமார் 4 விழுக்காடுதான். நிலக்கரிப் புகையில் அதைப்போல் மூன்று மடங்கு, சிமெண்ட் ஆலைப் புகையில் இன்னும் அதிகம். அளவு குறையக் குறைய, பிரித்தெடுப்பது கடினம். கோப்பிக் கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ கேட்பது சுலபம். சர்க்கரை போட்டுக் கலக்கிய பிறகு அதை வெளியே எடுக்கச் சொன்னால்?

எடுக்க வழி இருக்கிறது. அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தின் வழியே புகையைச் செலுத்தினால், கரியமிலவாயு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரவத்தைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வரும். திரவத்தை மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் சூடாக்குவதற்கும், வாயுவை அழுத்திச் சுருக்குவதற்கும் ஆற்றல் வேண்டும். மின்நிலையம் என்றால், தான் தயாரிக்கும் ஆற்றலில் ஒரு பங்கை இதற்கே செலவிட வேண்டியிருக்கும்.

இட்லியின் துளைகளில்

புதைப்பது என்றதும் கடலடியில் பெரிய குகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது மணற்பாறை. இட்லியின் நுண்துளைகளில் சாம்பார் ஊறுவதுபோல, அந்தப் பாறையின் துளைகளுக்குள் வாயு போய் உட்காருகிறது. மேலே வாயு நுழைய முடியாத களிப்பாறை மூடிபோல் இருக்கவேண்டும். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, அழுத்தத்தால் வாயு திரவம்போல் அடர்த்தியாகிவிடுகிறது.

இதில் முன்னோடி நார்வே. கடல் எண்ணெய், எரிவாயு வயல்களின் கரிம வெளியேற்றத்துக்கு அந்நாடு 1991ல் வரி விதித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மேல் என்று கணக்குப் போட்டு, 1996ல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் வேலை தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லியன் டன் கடலடிப் பாறைக்குள் போனது. 2025ல் அங்கேயே பிரேவிக் சிமெண்ட் ஆலை, ஆண்டுக்கு 400,000 டன் பிடிக்கும் வசதியைத் திறந்தது. பிடித்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். பிறகு குழாய் வழியே, கடலடிக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புகிறார்கள்.

தூத்துக்குடியின் சோடா

புதைக்காமல் பயன்படுத்தவும் செய்யலாம். இதற்கு உலகம் பேசிய ஓர் உதாரணம் தமிழகத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள ஒரு இரசாயன ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் தயாரிக்கும் திட்டத்தை 2016ல் தொடங்கியது. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் அதுவே மூலப்பொருள். தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்கள் இந்தியாவில் படித்த இரு இளம் பொறியாளர்கள்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் சோடா சாம்பல் கண்ணாடி உலைக்குள் போனதும் அதிலிருக்கும் கரியமிலவாயு மறுபடி வெளியேறிவிடும். ஆப்ப மாவில் சோடா போட்டதும் பொங்கும் குமிழியும் அதே வாயுதான். குளிர்பானப் போத்தலைத் திறந்தால் ‘புஸ்’ என்று போவதும் அதுவே. கான்கிரீட்டில் கலந்தால் கதை வேறு. அது சுண்ணாம்புக் கனிமமாக மாறி உள்ளேயே தங்கிவிடும். இத்தகைய கான்கிரீட் சிங்கப்பூரிலும் பயன்பாட்டில் இருக்கிறது.

சறுக்கிய இடங்கள்

கனடாவில் 2014ல் பவுண்டரி டேம் நிலக்கரி மின்நிலையம் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் பிடிக்கும் என்றார்கள். அந்த இலக்கை எட்ட அது திணறியது. பிடித்த வாயுவில் பெரும்பகுதி, பூமிக்கடியில் மிச்சமிருந்த எண்ணெயை மேலே தள்ளுவதற்காக விற்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டமும் திட்டமிட்டதைவிட மிகக் குறைவாகவே புதைத்திருக்கிறது.

பாதுகாப்பும் முக்கியம். கரியமிலவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சுத் திணறவைக்கும். 2020ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இந்த வாயுவைக் கொண்டுசென்ற குழாய் வெடித்ததில் சுமார் 45 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. உயிரிழப்பு இல்லை.

அண்டை வீட்டுக் கடல்

சிங்கப்பூரின் நிலத்தடியில் இதற்கேற்ற பாறை இல்லை. பிடித்தால் வெளியூருக்குத்தான் அனுப்பவேண்டும். 2024 பிப்ரவரியில் இந்தோனீசியாவுடன் விருப்பக் கடிதம் கையெழுத்தானது. அடுத்த மாதம் எக்ஸான்மொபில், ஷெல் கூட்டணியுடன் ஓர் ஒப்பந்தம். 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 2.5 மில்லியன் டன்னைப் பிடித்துச் சேமிக்கும் திறன் வேண்டும் என்பது அப்போது அறிவித்த இலக்கு. 2022ல் நம் மொத்த வெளியேற்றம் 58 மில்லியன் டன்னுக்கு மேல். இலக்கு முழுதாக நிறைவேறினாலும் நூற்றில் நான்கு பங்குதான் குறையும்.

மலேசியாவில் பெட்ரோனாஸ், சரவாக் கடற்பகுதியிலுள்ள கசாவாரி எரிவாயு வயலில் ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் பிடித்து, எரிவாயு தீர்ந்துபோன இன்னொரு வயலில் புதைக்கும் திட்டத்துக்கு 2022ல் முதலீட்டு முடிவு எடுத்தது. 2025ல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. வேதிப் பொறியாளர், நிலவியலாளர், கப்பல் துறையினர், வழக்கறிஞர் எனப் பல துறை இளையருக்கு இங்கே வேலை வாய்ப்பு இருக்கும்.

இதெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் கல்லுக்குள்ளிருந்தே கரியமிலவாயு வரும். அதற்குப் பிடிப்பதைவிட்டால் வேறு வழி குறைவு. ஆனால் மின்சாரத்துக்கு வேறு வழிகளும் உண்டு. அண்டை நாடுகளிலிருந்து தூய மின்சாரம் வாங்கலாம். குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைக்கலாம். பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கூடுதலாக எரித்தால், கணக்கு என்றைக்கும் நேராகாது.

இனி இப்படி ஒரு செய்தியை வாசிக்க நேரும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வேன். எந்தப் புகையிலிருந்து பிடிக்கிறார்கள்? பிடித்தது எங்கே, எத்தனை காலம் இருக்கும்? இன்று தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐம்பது வயதாகும்போது அந்தக் கடலடியைக் கண்காணிக்கும் பொறுப்பும் செலவும் யாருடையது? முதல் இரண்டுக்கும் செய்தியிலேயே பதில் கிடைத்துவிடும். மூன்றாவதைத்தான் நாம் கேட்டு வாங்கவேண்டும்.