பழைய பொயிலரும் பதமான வெந்நீரும்

மலைநாட்டுக் குளிரில் வாழ்ந்தவர்களுக்கே வெந்நீரின் அருமை தெரியும். மஸ்கெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் பீலித் தண்ணீரைத் தலையில் வார்த்துக்கொள்வது எளிய காரியமன்று. லயங்களில் வாழும் தாய்மார் அடுப்பில் பானையை ஏற்றி, காய்ந்த நீரைத் தண்ணீருடன் விளாவி, கையை விட்டுப் பதம் பார்த்த பின்னரே பிள்ளையைக் குளிப்பாட்டுவர். துரைமார் கட்டிய பங்களாக்களிலோ இவ்வேலை பொயிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. குளியலறைச் சுவருக்குப் புறத்தே ஒரு செங்கல் அடுப்பு. அதன் மேல் ஓர் இரும்புக் கலம். கவ்வாத்து மிலாறையோ விறகையோ இட்டு எரித்தால் உள்ளே ஷவரில் வெந்நீர்! பானைக்கும் பொயிலருக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. பானை நீரின் பதத்தைக் கை அறியும்; பொயிலர் நீரின் பதத்தை முதுகு அறியும்!

அப்பகுதியிலுள்ள பழைய பங்களா ஒன்றில் நண்பரின் விருந்தினராகத் தங்கியபோது இவ்வுண்மையை நாம் அனுபவத்தில் கண்டோம். ஷவரைத் திறந்ததும் இதமான சூடு. மறு நிமிடம் தோலைப் பொசுக்கும் வெந்நீர். சற்று நேரத்தில் மீண்டும் பழைய சூடு. துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பங்களா அப்புவிடம் முறையிட்டோம். "நெருப்பு சரியா பிடிக்கலைங்க ஐயா. இன்னும் ரெண்டு கட்டை வைக்கிறேன்" என்றார் அவர். நாம் தடுத்தோம். ஷவர் கோளாறு செய்தால் நெருப்பைக் கூட்டுவதே எல்லோரும் செய்யும் முதற்பிழை. முதலில் பார்க்கவேண்டியது நீர் வரும் வழியை.

அவ்வழி எளியது. உயரத்தில் ஒரு தண்ணீர்த்தாங்கி. அதிலிருந்து ஒரு குழாய் பொயிலரின் அடிப்பாகத்துக்குக் குளிர்நீரைக் கொண்டுவரும். சூடேறிய நீர் இலேசாகி மேலே எழும். மேற்புறத்துக் குழாய் அதைக் குளியலறைக்குக் கொண்டுசெல்லும். மூன்றாவதாக, பொயிலரின் உச்சியிலிருந்து ஒரு குழாய் தாங்கியின் நீர்மட்டத்துக்கும் மேலே உயர்ந்து, வானத்தை நோக்கித் திறந்து நிற்கும். அது ஆவிபோக்கி. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நோயை எளிதில் கண்டுபிடிக்கலாம்.

நம்மைச் சுட்ட நோயின் மூலம் சமையலறையில் இருந்தது. அங்கே ஒருவர் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவும்போது குளியலறைக்கு வரும் குளிர்நீர் குறைகிறது. வெந்நீரின் ஓட்டமோ குறைவதில்லை. ஆகவே நீர் கொதிக்கிறது. குழாயை மூடியதும் பழைய நிலை திரும்புகிறது. ஷவருக்கென்று அதே தாங்கியிலிருந்து தனிக் குளிர்நீர்க் குழாய் இழுப்பதே நிலையான பரிகாரம். அதுவரை, ஒருவர் குளிக்கையில் மற்றவர் குழாயைத் தொடாதிருப்பது செலவில்லாத பரிகாரம்.

வேறு நோய்களும் உண்டு. முதலில் நல்ல சூடு வந்து விரைவில் ஆறிப்போனால், பொயிலரில் சூடான நீர் தீர்ந்துவிட்டது என்பதே பொருள். சிறு கணக்கொன்று பார்ப்போம். 60 பாகை செல்சியஸ் வெந்நீரையும் 15 பாகைக் குளிர்நீரையும் ஏறத்தாழச் சரிபாதியாக விளாவினால்தான் உடலுக்கு இதமான 38 பாகை கிடைக்கும். எனவே 100 லீற்றர் வெந்நீர் 200 லீற்றர் குளியல் நீருக்கே போதும். நிமிடத்துக்கு 10 லீற்றர் பொழியும் ஷவருக்கு அது 20 நிமிடம். உள்ளே புகும் குளிர்நீரும் கலப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. ஒருவர்பின் ஒருவராக நால்வர் குளித்தால் நான்காமவர் நடுங்குவது பொயிலரின் குற்றமன்று.

எவ்வளவு எரித்தாலும் சூடேறவில்லையாயின், ஈர விறகையும் புகைபோக்கியில் படிந்த கரியையும் பாருங்கள். பின்னர் கலத்தின் அடியைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கலத்தின் உள்ளே வெண்ணிறப் படையைப் பூசிவிடும். அப்படை நெருப்பின் சூட்டை நீருக்கு எட்டவிடாது. மலையருவி நீரில் சுண்ணாம்பு குறைவு; ஆனால் மழைக்காலத்தில் அது மண்ணை வாரிக்கொண்டு வரும். அந்தச் சேறும் குழாயின் துருவும் கலத்தின் அடியிலும் குழாய் வளைவுகளிலும் தங்கும். நெருப்பு அணைந்து கலம் முற்றாக ஆறிய பின்னர், அடிக்குழாயைத் திறந்து கழுவிவிடுதல் வேண்டும். வெந்நீர் மட்டும் விட்டுவிட்டுச் சீறி வருமாயின் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மேலேறிக் கீழிறங்கும் வளைவுகளிலே இது நேரும்.

இவற்றையெல்லாம் சோதித்துக்கொண்டே அப்புவும் நாமும் பொயிலரின் உச்சிக்கு வந்தோம். அங்கே கண்ட காட்சி நம்மைத் திடுக்கிடச் செய்தது. ஆவிபோக்கியின் வாயில் ஒரு மரக்கட்டை அடித்து இறுக்கப்பட்டிருந்தது! "அது எந்நேரமும் சொட்டிக்கிட்டே இருந்திச்சுங்க. குழாய் வேலைக்கு வந்த பாஸ் ஒருத்தர்தான் அடைச்சிட்டுப் போனாரு" என்றார் அப்பு. தாங்கியிலிருந்து வரும் குளிர்நீர்க் குழாயைக் கழற்றினால், அதிலும் முக்காற்பங்கு சேறு.

இதன் பொருள் என்ன? நீர் சூடேறினால் விரியும். ஆவியாகும்போதோ 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகும். அது வெளியேற இருந்த ஒரு வழி மரக்கட்டையால் அடைபட்டிருந்தது. மற்றொரு வழி சேற்றால் அடைபட்டு வந்தது. அவ்வழியும் முற்றாக மூடிய நாளில், "இன்னும் ரெண்டு கட்டை" அடுப்பில் வைக்கப்பட்டிருந்தால், அந்தப் பழைய இரும்புக் கலம் வெடிகுண்டாகியிருக்கும். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை குளித்துக்கொண்டிருந்திருக்கலாம். அப்புவின் முகம் வெளுத்தது. அவரே நெருப்பை இழுத்து அணைத்தார். கலம் ஆறிய பின்னரே கட்டையைப் பிடுங்கினோம்.

ஆவிபோக்கி சொட்டினால் அதன் காரணத்தைத் தேடவேண்டும். தாங்கியின் மிதவை வால்வு பழுதாகி நீர்மட்டம் ஏறியிருக்கலாம். அல்லது நீர் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கலாம். அதன் வாயை மட்டும் ஒருபோதும் அடைக்கலாகாது. மின்சாரச் சூடாக்கிகளிலுள்ள காப்பு வால்வுக்கும் இதுவே விதி. காஸ் சூடாக்கி வைத்திருப்போர் அதன் புகைபோக்கியைக் கவனிக்கவேண்டும். 1868ஆம் ஆண்டில் இலண்டனில் பெஞ்சமின் மோகன் என்பவர் முதன்முதலாகச் செய்த காஸ் சூடாக்கிக்குப் புகைபோக்கி இருக்கவில்லை. மூடிய அறையில் தேங்கும் காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உயிரைக் கொள்ளும் வலிமை மட்டும் உண்டு.

இன்னொன்று. 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். அதற்காகக் கலத்து நீரை வெதுவெதுப்பாகவே வைத்திருப்பதும் தவறு. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பலரைக் கொன்ற நுரையீரல் நோயின் கிருமி வெதுவெதுப்பான நீரிலே செழித்து வளர்வது. ஆகவே கலத்திலே நன்றாகக் காய்ச்சுங்கள். குழாயருகே தண்ணீருடன் விளாவுங்கள். வாளியாயினும் ஷவராயினும் முதலில் தண்ணீர், பின்னர் வெந்நீர். கையால் பதம் பார்த்த பிறகே பிள்ளை.

லயத்துத் தாய்மார் எந்த நூலையும் படிக்காமல் கைக்கொண்டுவரும் முறை இதுவே அன்றோ! பங்களாவின் பொயிலரும் அவர்களிடம் கற்கவேண்டிய பாடம் அது. மறுநாட் காலையில் நாம் நிம்மதியாகக் குளித்தோம். கூரைமேல் ஆவிபோக்கி சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. மிதவை வால்வு திருத்தப்படும் வரை அவ்வோசை நமக்கு இனிமையாகவே ஒலித்தது.